சொன்னால் போனைப் பிடுங்க மாட்டோம் என்று முதலில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை பிள்ளைகள் கையில் செல்போனே இருக்கக் கூடாது, ஆஸ்திரேலியாவில் செய்ததுபோல இங்கேயும் சட்டம் போட்டு நிறுத்திவிட வேண்டும் என்று வாசகர் ஒருவர் போன வாரம் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். எங்கள் ஆசிரியர் அறையில் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டுப் பாதிப் பேர் "சரியாச் சொல்லியிருக்காரு" என்றார்கள். நான் தேனி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியை. அந்த வாசகரின் பதற்றம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் சொல்லும் வழியில் போனால் பிள்ளைகள் இன்னும் பெரிய சிக்கலில்தான் மாட்டுவார்கள் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் போதாவிட்டால் சுருக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 2024 நவம்பரில் சட்டம் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் மாதிரியானவற்றில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. மீறினால் அபராதம் கம்பெனிக்குத்தான், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. பொறுப்பைக் கம்பெனியின் தலையில் வைத்ததை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் நிலைமை வேறு. ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல போன். சிம் அப்பா பெயரில், ஜிமெயில் அண்ணன் பெயரில், இன்ஸ்டா கணக்கில் போட்டிருக்கும் பிறந்த தேதி யாருடையது என்று யாருக்கும் தெரியாது. இதில் எந்த வயதை யார் சோதிப்பது? 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலை எடுக்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023இல் நாமும் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறோம். நல்ல சட்டம்தான். ஆனால் அந்த ஒப்புதலைக் கேட்டு ஓடிபி வந்தால் அது எந்தப் போனுக்கு வரும்? பிள்ளை கையில் இருக்கும் அதே போனுக்குத்தான்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது போன் வாங்கச் சொன்னது பள்ளிக்கூடம்தான். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வட்டிக்கு வாங்கி, காதுத் தோட்டை அடகு வைத்து வீட்டுக்கொரு ஸ்மார்ட்போன் வாங்கினார்கள். 2021 செப்டம்பரில் பெரிய வகுப்புகளையும் நவம்பரில் சின்ன வகுப்புகளையும் திறந்துவிட்டோம், போன் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் போகிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பம், ஹால் டிக்கெட், ரிசல்ட் எல்லாமே அதில்தான். அதைக் கையில் தொடாதே என்று எந்த வாயால் சொல்வது?

சரி, என்ன நடக்கிறது என்று ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நன்றாகப் படிக்கிறவள், சில நாள்களாக மதியச் சாப்பாட்டைத் தொடாமல் அப்படியே மூடி வைத்துவிடுகிறாள் என்று பக்கத்தில் உட்காரும் தோழி வந்து சொன்னாள். லேபுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள், அப்புறம் அழுதாள், அதற்கும் அப்புறம்தான் விஷயம் வந்தது. ஊர்த் திருவிழாவில் தாவணி கட்டி எடுத்த போட்டோ ஒன்றை அவள் அம்மா வாட்ஸ்அப்பில் டிபியாக வைத்திருக்கிறார். யாரோ அதை எடுத்து, முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு ஆப்பில் போட்டு ஆடையில்லாத படமாக மாற்றி, இன்ஸ்டாவில் அவளுக்கே அனுப்பியிருக்கிறான். நிஜமான படம் ஒன்றை அனுப்பு, இல்லாவிட்டால் இதை உங்கள் ஊர் குரூப்பில் போட்டுவிடுவேன் என்று ராத்திரி ராத்திரி மிரட்டல். "அம்மாட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னா போனைப் பிடுங்கிருவாங்க டீச்சர், ஸ்கூலை விட்டும் நிப்பாட்டிருவாங்க" என்றாள்.

அந்தப் பிள்ளை யாருக்கும் எந்தப் படமும் அனுப்பவில்லை. முன்பின் தெரியாதவரிடம் பேசவும் இல்லை. நாம் காலம் காலமாகச் சொல்லிவரும் புத்திமதி எல்லாவற்றையும் கடைப்பிடித்தவள். ஒரு சாதாரண முகம் போதும் என்கிற காலத்துக்கு வந்துவிட்டோம், நம் புத்திமதி இன்னும் "போட்டோ அனுப்பாதே" என்பதோடு நிற்கிறது. அவள் வீட்டில் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அந்தத் தைரியத்தில்தான் தினமும் மிரட்டினான். போனைப் பிடுங்குவோம், படிப்பை நிறுத்துவோம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கும் ஒவ்வொரு மிரட்டலும் அப்படிப்பட்டவனுக்குத்தான் உதவுகிறது.

அதற்கு மேல் நடந்ததையும் சொல்கிறேன், நாளைக்கு வேறொரு பள்ளியில் யாருக்காவது உதவும். உடனே தலைமையாசிரியரிடம் போனோம். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இப்படி ஒன்று நடப்பது தெரிந்தால் தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும், அது பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் இருக்கிறது, பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்க வழியில்லை. அம்மாவை வரவழைத்தோம். வந்ததும் மகளை அடிக்கத்தான் கையை ஓங்கினார். "உங்க பிள்ளை எந்தத் தப்பும் பண்ணலம்மா" என்று தலைமையாசிரியர் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் அனுப்பிய மிரட்டல்களை அவள் பயத்தில் அழிக்கப் போயிருந்தாள், நல்லவேளை முழுக்க அழிக்கவில்லை. மிரட்டல் வாசகம், அவனுடைய ஐடி, தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அதற்குப் பிறகுதான் பிளாக் செய்ய வேண்டும். பதறிப்போய் முதலிலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டால் போலீஸுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. மாவட்ட சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுத்ததும் அந்த ஐடி அடங்கியது. அவள் பரீட்சை எழுதினாள், இப்போது பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்படிப்பட்ட படத்தை "ஆதாரத்துக்கு" என்று சொல்லி ஆசிரியர் குரூப்பிலோ உறவினர் குரூப்பிலோ யாரும் அனுப்பிவிடக் கூடாது. பிள்ளையின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம், அனுப்புகிறவரின் எண்ணம் நல்லதாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு நடப்பது கெடுதல்தான். சென்னைக்காரர் ஒருவர் போனில் இப்படிப்பட்ட படங்களை இறக்கி வைத்திருந்த வழக்கை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தது, அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, இறக்கி வைத்திருப்பதும் குற்றமாகும் என்று தெளிவுபடுத்திவிட்டது. பையன்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். "நான் எடுக்கல டீச்சர், வந்துச்சு, வச்சிருந்தேன்" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள்.

படம் இணையத்தில் பரவிவிடுமோ என்று பயப்படுகிற பிள்ளைகளுக்கு 'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது. காணாமல் போன குழந்தைகளுக்காக அமெரிக்காவில் இயங்கும் தேசிய மையம் அதை நடத்துகிறது. படத்தை நாம் அங்கே அனுப்ப வேண்டியதில்லை, படம் நம் போனிலேயே இருக்கும், அதற்கென்று உருவாகும் ஓர் அடையாள எண் மட்டும் போகும், அந்த எண்ணை வைத்து இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்ற தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். வாட்ஸ்அப் உரையாடலுக்குள் ஓடுகிற படத்தை இதனால் தடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கும் ஒரு பிள்ளைக்கு, செய்ய ஏதோ ஒரு வழி இருக்கிறது என்று தெரிவதே பெரிய தெம்பு.

இதையெல்லாம் நாங்கள் எங்கே சொல்லிக்கொடுக்கிறோம்? உண்மையில் எங்கேயும் இல்லை. கணினி அறிவியல் தனிப் பாடமாக வருவது பதினொன்றாம் வகுப்பில்தான், அதுவும் அந்தக் குரூப் எடுத்தவர்களுக்கு மட்டும். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கடைசிப் பாடமாக ஸ்கிராட்ச் என்ற கோடிங் மென்பொருள் இருக்கிறது, பூனையை நகர்த்துவது எப்படி என்று படிக்கிறார்கள். ஹைடெக் லேபில் தேர்வு நடக்கிறது, மற்ற நேரத்தில் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவேற்றுவது நடக்கிறது. செயற்கை நுண்ணறிவு, கோடிங் என்று புதிய திட்டங்களும் வருகின்றன, வரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் மிரட்டல் வந்தால் யாரிடம் போவது என்று தெரியாத பிள்ளைக்குக் கோடிங்கை மட்டும் கொடுத்து அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதுகாப்பு என்று இப்போது நடப்பது ஆண்டுக்கு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். மொத்தப் பள்ளியையும் மைதானத்தில் உட்கார வைத்து, காவல் அதிகாரி ஒருவர் வந்து நல்ல மனதோடு பேசுகிறார், பயமுறுத்தும் சம்பவங்களாகச் சொல்கிறார், கடைசியில் சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணைச் சொல்லச் சொல்லிக் கைதட்டல். எண் மனதில் நிற்கிறது, பயமும் கூடவே நிற்கிறது. ஆயிரம் பேர் நடுவில் எந்தப் பெண் எழுந்து நின்று, சார் எனக்கு இப்படி ஒன்று வந்திருக்கிறது என்று கேட்பாள்?

சின்னக் குழுவாக உட்கார்ந்து பேசினால் நடப்பதே வேறு. ஏழாம் வகுப்புக்கு ஒருநாள் லேபில் ஒரு வாட்ஸ்அப் செய்தியைத் திரையில் போட்டுக் காட்டினேன். எங்கள் பள்ளிப் பெற்றோர் பலருக்கு வந்ததுதான் அது. கல்வித்துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் கணக்கில் ஏறும் என்று இருந்தது. "இதுல என்ன தப்பு இருக்கு, கண்டுபிடிங்க" என்றேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், எழுத்துப்பிழை என்றார்கள், நம்பர் வேற மாதிரி இருக்கு என்றார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்டான்: "பணம் வர்றதுக்கு எதுக்கு டீச்சர் பின் போடணும்? டீக்கடையில பணம் கொடுக்குறப்பத்தானே எங்கப்பா பின் போடுவாரு?" அவ்வளவுதான் பாடம். அன்றைக்குச் சாயங்காலம் அந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வீட்டில் போய் இதைச் சொன்னார்கள் என்று பெற்றோர் அடுத்த நாள் என்னிடம் வந்து சொன்னபோது, ஒரு கேள்வி இவ்வளவு தூரம் போகுமா என்று இருந்தது.

பெற்றோருக்கும் கற்றுத்தர வேண்டும், அதுவும் அவரவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருமுறை அப்படிச் செய்தோம். பாதிப் பேரின் போனில் பூட்டே இல்லை. பூட்டு இருந்தவர்களின் பேட்டர்ன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜிபே பின் பல பேருக்குப் பிறந்த வருஷம், பிள்ளைக்கு அது மனப்பாடம், ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாட்டில் டைமண்டுக்கு டாப்-அப் செய்த பிறகுதான் அப்பாவுக்குத் தெரிகிறது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் போய், யார் வேண்டுமானாலும் குரூப்பில் சேர்க்கலாம் என்று இருப்பதை நம் கான்டாக்ட்டில் இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றினோம். டிபியை யார் பார்க்கலாம் என்பதையும் அப்படியே மாற்றினோம். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டோம். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பாட்டி, பேத்திக்காக வந்தவர், "இதை வாங்குன அன்னைக்கே கடைக்காரன் சொல்லியிருக்கலாமே" என்று கேட்டார். போன் விற்கும் கடைக்காரர்கள் தயவுசெய்து இந்தக் கடிதத்தை வாசிக்க வேண்டும். டெம்பர் கிளாஸ் ஒட்டிக் கொடுக்கும் நேரத்தில் இந்த மூன்றையும் மாற்றிக் கொடுத்துவிடலாம்.

அப்புறம், பிள்ளையின் பிறந்தநாளுக்கு யூனிஃபார்மில், பள்ளிப் பெயர் தெரிய, ஐடி கார்டோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். பெயர், வகுப்பு, ஊர், பள்ளி எல்லாம் ஒரே படத்தில் போய்விடுகிறது. பாசத்தில்தான் வைக்கிறீர்கள், அது தெரியும். யூனிஃபார்ம் இல்லாத படத்தை, நெருங்கியவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வையுங்கள்.

பிள்ளைகள் பாதிக்கப்படுவதை மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் பாதிதான் பேசியதாகும். அவர்கள் கையால் மற்றவர்களுக்கு நடப்பதும் இருக்கிறது. கூடப் படிக்கிற பெண் தூங்கும்போது எடுத்த படத்தை ஸ்டிக்கராக்கி குரூப்பில் விடுவது, திக்கிப் பேசும் பையனை வீடியோ எடுத்துப் பாட்டுப் போட்டு ரீல்ஸ் விடுவது. எனக்கு இன்னும் பெரிய பயம் சாதி ரீல்ஸ் மேல். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவன் ஒருவனை அவனுடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு வேண்டாம் என்பது அதில் ஒரு பரிந்துரை. கயிற்றைப் பள்ளி வாசலில் அவிழ்க்கச் சொல்லிவிடுகிறோம். அதே பையனின் ஸ்டேட்டஸில் அதே நிறம், அதே கொடி, அரிவாள் படம், பின்னணியில் பாட்டு. அது எந்த வாசலிலும் அவிழ்வதில்லை. அதைப் பார்க்கிற மற்ற பையனுக்கு மறுநாள் வகுப்பில் எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பேச ஒரு பீரியட்கூட எங்களிடம் இல்லை. எண்ணெய் தேய்த்த தலையும் திருநீறும் தவிர எதையும் கவனிக்காத ஒழுக்கப் பாடத்தால் இது முடியாது.

ஃபார்வர்ட் விஷயமும் அப்படித்தான். 2018 மே மாதம் போளூர் பக்கம், கோயிலுக்கு வழி கேட்ட வயதான அம்மாவைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அப்போது வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்த வதந்திதான் காரணம். அந்த ஆண்டு ஜூலையில்தான் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இன்றைக்கு என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அப்போது ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு. அவர்களுக்கு இந்தச் சம்பவமே தெரியாது. சொன்னபோது வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது, ஒரு பெண் மட்டும், "ஃபார்வர்ட் பண்ணவங்களுக்கு என்ன ஆச்சு டீச்சர்?" என்று கேட்டாள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு உடனே சொல்ல வேண்டியது வங்கிக் கணக்கு பற்றி. உதவித்தொகை, புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் என்று இப்போது பிள்ளைகளின் சொந்தப் பெயரில் கணக்கு இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால், "உன் அக்கவுண்டைக் கொடு, கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடுத்தா கமிஷன்" என்று கேட்டுக்கொண்டு டெலிகிராமிலும் கல்லூரி வாசலிலும் ஆள்கள் வருகிறார்கள். அப்படி வரும் பணம் எங்கேயோ ஒருவரை ஏமாற்றிப் பிடுங்கியது. கடைசியில் போலீஸ் தேடி வருவது கணக்கு வைத்திருக்கும் பிள்ளையைத்தான். ஏடிஎம் கார்டு, பாஸ்புக், சிம் மூன்றையும் யார் கேட்டாலும், பழகிய அண்ணனாக இருந்தாலும் தரக் கூடாது. இதை பிளஸ் டூ முடித்துப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் டிசி கொடுக்கும் அன்றைக்காவது சொல்லி அனுப்ப வேண்டும்.

வீட்டில் பணமே போய்விட்டால் உடனே 1930க்குக் கூப்பிட வேண்டும், சீக்கிரம் சொன்னால்தான் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098, ராத்திரியிலும் எடுப்பார்கள். பள்ளி மாணவர்களுக்கென்று 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பதியலாம், பிள்ளைகளின் ஆபாசப் படம் பற்றிய புகாரைப் பெயர் சொல்லாமலே அதில் கொடுக்க முடியும்.

பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். "செல்போனால் சீரழிந்த மாணவி", "இன்ஸ்டா பழக்கத்தால் வந்த விபரீதம்" என்று தலைப்பு வைக்காதீர்கள். மிரட்டியவன் செய்தது செய்தி, அவள் போன் வைத்திருந்ததை ஏன் தலைப்பில் ஏற்றுகிறீர்கள்? அந்தத் தலைப்பைப் படிக்கிற அப்பா அன்றைக்கே மகளின் போனைப் பிடுங்குகிறார், மகள் அடுத்து எது நடந்தாலும் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறாள். ஊர், பள்ளி, வகுப்பு, அப்பாவின் தொழில் எல்லாம் போட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் எங்கள் மாதிரிச் சின்ன ஊரில் அடுத்த தெருவுக்குத் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட செய்திக்குக் கீழே ஒரு சின்னக் கட்டத்தில் அந்த எண்களைப் போடுங்கள், அது போதும்.

அரசிடம் நான் கேட்பது ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை வாரத்துக்கு ஒரு பீரியட். பரீட்சை வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், மதிப்பெண் வந்தால் இதற்கும் கைடு வந்துவிடும். வகுப்பு ஆசிரியரே எடுக்கட்டும், ஏனென்றால் பிள்ளைகள் முகம் தெரிந்தவரிடம்தான் சொல்வார்கள். அந்த ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் நல்ல பயிற்சி கொடுங்கள், புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். ஹைடெக் லேபில் வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் பதிவேற்ற வேலையிலிருந்து பிரித்து இதற்கு ஒதுக்குங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது கால அட்டவணை போடுவார்கள், அதற்குள் ஒரு சுற்றறிக்கை வந்தால் வரும் ஆண்டிலேயே தொடங்கிவிடலாம்.

அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதே பிள்ளையிடம், "போன்ல என்ன ஆனாலும் எங்ககிட்ட சொல்லு, போனைப் பிடுங்க மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம்" என்று சொல்லிவிடுங்கள். அதன் பிறகு அது எதைச் சொன்னாலும், கேட்கும்போது உங்களுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளி கணினி ஆசிரியை ஒருவர்,
தேனி மாவட்டம்.